இரண்டு அம்புக்குறிகள்

அக்டோபர் 14, செவ்வாய்

பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்று அரை மணி நேரம் பேசினேன். வாசித்தேன் என்று சொல்வதுதான் சரி. வழக்கமாக டிரெய்னிங் எடுக்கும் சுடலைமணி அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டதால், எங்கள் அலுவலகத்தை நடத்தும் ஜெயசிங் சார் காலையில் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு டிரெய்னிங் நீ எடுத்துரும்மா" என்றார். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் ஒன்பது வரிகளாக எழுதிக்கொண்டு வந்து, தலையை நிமிர்த்தாமல் வாசித்து முடித்தேன்.

வந்தவர்கள் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையங்களில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்கள், மையத்துக்கு ஒருவர். நாளைக் காலையிலிருந்து அங்கே நோயாளிகளின் விவரத்தைப் பேப்பரில் எழுத மாட்டார்கள். எங்கள் அலுவலகம் செய்த தமிழ் சிஸ்டம் போட்ட புதுக் கம்ப்யூட்டரில்தான் எல்லாம்.

வள்ளியூர் மையத்து ஞானசுந்தரி அக்கா ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயசிங் சார் தாளை வாங்கிப் பார்த்தார். "அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு கையெழுத்து" என்று சொல்லி, பன்னிரண்டு நகல் எடுத்து லேமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "நடுங்குச்சா புஷ்பம்?" "நடுங்குச்சு." "வெளிய தெரியாமப் பாத்துக்கிட்டேல்லா, அது போதும்."

அக்டோபர் 15, புதன்

பரிசோதனைப் பட்டியலில் மீதியிருந்த வரிகளை முடித்தேன். ஒவ்வொன்றையும் நானே செய்து பார்த்துச் சரி அல்லது தப்பு என்று குறிப்பதுதான் என் வேலை.

நாற்பத்தொன்றாம் வரியைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் இரண்டு டிஸ்க். சிறியதில் சிஸ்டம், பெரியதில் நோயாளிகளின் விவரம். அப்டேட் வரும்போது சிறியதை முழுக்கத் துடைத்துப் புதிதாக எழுதும், பெரியதைத் தொடாது. திரையின் இடது ஓரத்தில் பெரிய டிஸ்க்கின் பெயர் இருக்கும். பென்டிரைவ் செருகினால் அதன் பெயர் கீழே வரும். இரண்டுக்கும் ஒரே படம். இரண்டுக்கும் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அதை அமுக்கினால் அந்த டிஸ்க் சிஸ்டத்திலிருந்து கழன்றுவிடும்.

குறிப்புக் கட்டத்தில், 'உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் அம்புக்குறி வேண்டுமா?' என்று எழுதினேன். ஜெயசிங் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாசித்தார்.

"வேணும்னேதான் அப்படி வச்சிருக்கேன். உள்ள இருக்கா, வெளிய இருக்காங்கிற கவலையே அவங்களுக்கு இருக்கக் கூடாது. எல்லாம் ஒண்ணு போல இருந்தாத்தான் பயம் போகும்."

"இவ கேள்வி எல்லாம் எழுத்துலதான் சார். வாயத் தொறந்தா காசா கேட்டுருவோம்?" என்றார் சுடலை அண்ணன். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குறிப்பை அழித்துவிட்டுச் 'சரி' போட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

விடுதியில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. இன்று வந்தது. எட்டுச் சுடிதாரைத் துவைத்துப் போட்டேன். மழை வந்து எட்டையும் மறுபடி நனைத்தது.

நவம்பர் 30-இல் என் தகுதிகாண் காலம் முடிகிறது. அதன் பிறகு நிரந்தரம் என்று ஜெயசிங் சார் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 10, திங்கள்

வள்ளியூரிலிருந்து போன். சுடலை அண்ணன் டீ குடிக்கப் போயிருந்ததால் நான் எடுத்தேன்.

ஞானசுந்தரி அக்கா காலை ஷிப்ட். மாலை ஷிப்டுக்கு மாரிசெல்வி என்றொரு பெண். ஆவுடையப்பன் என்பவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எப்போதும் மாலையில் வருகிறவர். மழையில் கடைசிப் பஸ் சரியாக வருவதில்லை என்று இன்று காலைக்கு மாறியிருக்கிறார். திரையில் அவருடைய செப்டம்பர் மாத விவரம் மட்டும்தான் இருந்திருக்கிறது. அதன் பிறகு ஒரு வரி கிடையாது. செப்டம்பரில் இருந்த எடையை வைத்து, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இடையில் அவர் நன்றாகச் சாப்பிட்டு மூன்று கிலோ ஏறியிருந்தாராம். அதுவும் நீர் என்று நினைத்து எடுத்துவிட்டார்கள். இரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிட்டார்.

"கண்ணு செருகிட்டு பிள்ள. நர்ஸ் ஓடிவந்து காலத் தூக்கிவிட்டு, ஏதோ ஏத்தி, பெறகு முழிச்சிட்டாரு. இந்த மாரிசெல்வி ஒருமாசமா ஒண்ணுமே எழுதல போலுக்கு."

"இப்ப எப்படி இருக்காருக்கா?"

"காப்பி கேக்காரு."

நவம்பர் 11, செவ்வாய்

சுடலை அண்ணன் இங்கிருந்தே வள்ளியூர்க் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தார். காலை பதினோரு மணி. பெரிய டிஸ்க்கில் காலை நோயாளிகள் எல்லாரும் இருக்கிறார்கள். மாலை நோயாளிகளுக்கு, நாங்கள் ஏற்றி அனுப்பிய செப்டம்பர் விவரத்துக்குப் பிறகு எதுவும் இல்லை.

"அந்தப் பிள்ள போன நோண்டிக்கிட்டு இருந்திருக்கும்" என்றார்.

'சிஸ்டத்தில் குறை இல்லை' என்று ஜெயசிங் சார் அறக்கட்டளைக்கு எழுதி அனுப்பிவிட்டார். பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. தங்கபுஷ்பம். முழுப் பெயர்.

நவம்பர் 13, வியாழன்

மாரிசெல்விக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். அவள் நேராக எங்கள் அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டாள். மறுபடியும் நான்தான் எடுத்தேன்.

"அக்கா, நான் தெனமும் எழுதுதேன். சாயங்காலம் வந்து பாருங்க, எல்லாம் அப்படியே இருக்கு. காலைல பாத்தா இல்லங்காவ. நான் என்னத்த செய்ய?"

"மொத நாள் பழைய ஆளுங்க பேரு எல்லாம் இருந்துச்சா?"

"இல்லியேக்கா. காலியாத்தான் இருந்துச்சு. புது கம்ப்யூட்டர், புதுசாத்தான் எழுதணும் போலன்னு நெனச்சேன். பேரு, வயசு எல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டு நானே ஏத்துனேன்."

காலியாக இருந்திருக்கக் கூடாது. பழைய விவரங்களை ஏற்றிய பிறகுதான் கம்ப்யூட்டர்களை அனுப்பினோம். இதைச் சுடலை அண்ணனிடம் சொன்னேன். "பொய் சொல்லுதவ இப்படித்தான் வெவரமாச் சொல்லுவா" என்றார்.

எங்கள் அலுவலகம் ஐந்தரைக்கு மூடும். மாலையில் அந்தக் கம்ப்யூட்டரை இதுவரை யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 15, சனி

வயிற்றுவலி என்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வள்ளியூருக்குப் போனேன். ஒன்றே முக்காலுக்கு மையத்தில் இருந்தேன். சிஸ்டத்தைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதும் ஞானசுந்தரி அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார். இரண்டு மணிக்கு டாக்டர் வேனில் வருவார், காலை நோயாளிகளின் விவரத்தைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்வார். அதன் பிறகு மாரிசெல்வி உட்காருவாள்.

பார்த்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். கோயிலுக்குப் போகவில்லை.

நவம்பர் 17, திங்கள்

எல்லாரும் சாப்பிடப் போனபோது அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன். மூன்று முறை. மூன்று முறையும் அதேதான்.

ஞானசுந்தரி அக்கா புரோகிராமை மூடுகிறார். பென்டிரைவின் அம்புக்குறியை அமுக்குகிறார். பெரிய டிஸ்க்கின் அம்புக்குறியையும் அமுக்குகிறார். பென்டிரைவை உருவி டாக்டரிடம் கொடுக்கிறார். பெரிய டிஸ்க் இப்போது கழன்றுவிட்டது, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தாலும் அதோடு தொடர்பு இல்லை. மாரிசெல்வி வந்து புரோகிராமைத் திறக்கிறாள். பெரிய டிஸ்க்கில் இருக்கும் விவரப் பெட்டியை, அதாவது ஃபோல்டரை, அது தேடுகிறது, காணவில்லை. கேள்வி கேட்காமல் சிறிய டிஸ்க்கில் அதே பெயரில் ஒரு பெட்டி செய்து அதில் எழுதிக்கொள்கிறது. இரவு கம்ப்யூட்டரை அணைக்கிறார்கள். காலையில் போட்டதும் பெரிய டிஸ்க் தானாக ஒட்டிக்கொள்கிறது. சிறியதில் இருக்கும் பெட்டி அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

டயாலிசிஸ் நோயாளிகள் நேரம் மாற மாட்டார்கள். காலைக்காரிக்குக் காலை ஆட்கள் எல்லாரும் தெரிகிறார்கள், மாலைக்காரிக்கு மாலை ஆட்கள் எல்லாரும் தெரிகிறார்கள். இரண்டு பேரும் முழுசாக எழுதுகிறார்கள். கடைசிப் பஸ் வராதோ என்று ஆவுடையப்பன் பயப்படாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மாரிசெல்வி எழுதியது எல்லாம் இருக்கிறது. சிறிய டிஸ்க்கில்.

23-ஆம் தேதி ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு மையங்களுக்கும் அப்டேட் போகிறது. சிறிய டிஸ்க் துடைக்கப்படும்.

நவம்பர் 18, செவ்வாய்

சொல்லவில்லை. ஜெயசிங் சார் காலையிலிருந்து மீட்டிங்கில் இருந்தார்.

நவம்பர் 19, புதன்

மீட்டிங் இல்லை. சார் தனியாகத்தான் இருந்தார். அறை வாசல்வரை போனேன். "என்னம்மா?" என்றார். "ஸ்டேப்ளர் பின் வேணும் சார்" என்றேன். ஒரு பெட்டி முழுக்கக் கொடுத்தார்.

மெயில் எழுதினேன். எட்டு வரி. அனுப்பவில்லை. மாலை நேரம் வேலை செய்கிற மையங்கள் வள்ளியூரைச் சேர்த்து நான்கு. மற்ற மூன்றிலும் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை. லேமினேட் தாள் எல்லாரிடமும் இருக்கிறது.

அம்மா போனில், "லெட்டர் எப்பம் தருவாவ? அப்பா வேலைசெய்யற எடத்துல எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு" என்றாள். இன்னும் பதினோரு நாள் என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

மாரிசெல்வி.

"சனிக்கிழமையோட என்னய நிறுத்துதாவளாம். வேலை போனாப் போட்டும்க்கா, வேற பாத்துக்கிடுவேன். ஆனா எழுதாம எழுதுனேன்னு பொய் சொன்னவன்னு ஊர்ல பேராயிட்டுல்லா. ஆவுடையப்பன் தாத்தா மக வந்து மொகத்துக்கு நேரே கேட்டுட்டா, எங்க அப்பாவக் கொல்லப் பாத்தியேட்டின்னு. சனிக்கிழம நீங்க வந்தீயள்ல? நான் எழுதறதப் பாத்தீயள்லா?"

"பாத்தேன்."

"அத மட்டும் சொல்லுங்கக்கா."

போனை வைத்த பிறகு மதியச் சாப்பாட்டைப் பிரித்தேன். எலுமிச்சை சாதம். மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

சொன்னேன். பேச வராது என்று தெரியும், அதனால் சாரைக் கம்ப்யூட்டருக்குக் கூட்டிவந்து செய்து காட்டினேன். இரண்டு அம்புக்குறியையும் அமுக்கினேன். 'மாலை நோயாளி' என்று ஒரு பெயர் எழுதினேன். அணைத்துப் போட்டேன். பெயர் இல்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாதாரணமா யாரும்மா ரெண்டையும் அமுக்குவா?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தானே சார் இருக்கு."

"இருந்தா? எது பென்டிரைவ்னு பேரு போட்டிருக்குல்லா."

"கையால உருவ முடியாத பொருளுக்கு எதுக்கு சார் உருவிக்கிடலாம்னு ஒரு அம்புக்குறி? அது வீட்டோட சுவரு மாதிரி. சுவருல கதவுப் பிடி வரஞ்சு வச்சா யாராவது இழுத்துத்தான் பாப்பாவ."

இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. சுடலை அண்ணன் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சரி. அப்டேட்ட நிறுத்தணும்னா அறக்கட்டளைக்குக் காரணம் சொல்லணும்" என்றார் சார். "நாளைக்குக் காலைல அவங்க மேனேஜரக் கூப்பிடுதேன். ஆபரேட்டர் தப்பா அமுக்கிட்டாவன்னு சொல்லிருவோம். அந்தச் சாயங்காலப் பிள்ளைக்கும் வேலை தப்பிச்சுரும். நம்ம பேரும் கெடாது."

"அப்ப ஞானசுந்தரி அக்கா?"

"டிரெய்னிங்குக்கு வந்தவங்கதானே? ரெண்டையும் அமுக்குன்னு யாரு சொன்னா அவங்களுக்கு?"

நான் மேசையில் இருந்த பென்டிரைவின் மூடியைக் கழற்றினேன், போட்டேன், கழற்றினேன்.

நவம்பர் 22, சனி

காலை பத்தரை. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மேனேஜரும் ஞானசுந்தரி அக்காவும்.

ஜெயசிங் சார் நடந்ததைச் சொன்னார். உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தவறுதலாகக் கழற்றிவிட்டார்கள் என்றார். மேனேஜர் அக்காவிடம் திரும்பியது குரலிலேயே தெரிந்தது.

"பதினாறு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. ஒரு மனுஷன் உயிர் போயிருக்கும். யாரக் கேட்டு அமுக்கினீங்க?"

போனில் அங்கே ஏதோ டயாலிசிஸ் மிஷின் கூவும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்கேன்லா?"

"தெரியாம அமுக்கிட்டேன் சார்."

"யாரும் சொல்லித் தரலியா?"

"இல்ல சார். நானாத்தான்."

அக்டோபர் 14-ஆம் தேதிப் பக்கத்தில், அக்கா 'ஏதோ கேட்டார்' என்று எழுதியிருக்கிறேன். என்ன கேட்டார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான்காம் வரியை வாசித்துக்கொண்டிருந்தேன். 'பென்டிரைவை உருவும் முன் அம்புக்குறியை அழுத்தவும்.' அக்கா கையைத் தூக்கி, "ரெண்டு அம்பு இருக்கே பிள்ள, எத அமுக்க?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சரியான பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் இரண்டு டிஸ்க்கைப் பற்றி விளக்க வேண்டும், தாளில் இல்லாததைப் பேச வேண்டும், இன்னும் நான்கு பேர் கேள்வி கேட்பார்கள். "ரெண்டையும் அமுக்கிருங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு ஐந்தாம் வரிக்குப் போனேன். அக்கா தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். போன சனிக்கிழமை வள்ளியூரில், சுவரில் ஒட்டியிருந்த லேமினேட் தாளில் நான்காம் வரிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 'ரெண்டும்.'

அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானாத்தான் என்கிறார்.

"சார்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சார், நான் தங்கபுஷ்பம் பேசுதேன். டிரெய்னிங் எடுத்தது நான். அக்கா எத அமுக்கணும்னு என்கிட்ட கேட்டாவ. ரெண்டையும் அமுக்கச் சொன்னது நான்தான். அவங்க மேல தப்பில்ல. மாரிசெல்வி எழுதுனது எல்லாம் சின்ன டிஸ்க்குல இருக்கு. நாளைக்கு அப்டேட் போனா அழிஞ்சுரும். மத்த மூணு மையத்துலயும் இருக்கலாம். மொதல்ல அத எடுத்துருவோம் சார். பெறகு என்னயத் திட்டுங்க."

மிஷின் மறுபடி கூவியது.

"பிள்ள," என்றார் அக்கா மெதுவாக, "நீ ஏன் சொன்ன?"

மேனேஜர் என்ன சொன்னார் என்று முழுதாக நினைவில்லை. ஜெயசிங் சார் என்னைப் பார்க்காமல் சுடலை அண்ணனிடம், "அப்டேட்ட நிறுத்து" என்றார். அதுமட்டும் நன்றாகக் கேட்டது.

நான்கு மையங்களையும் பார்த்தோம். மூன்றில் மாலை விவரங்கள் சிறிய டிஸ்க்கில் இருந்தன. நான்காவதில் ஒரு பெண் யாரையும் கேட்காமல் தானே யோசித்து ஒன்றை மட்டும் அமுக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பெரிய டிஸ்க்கில் சேர்க்க நான்கரை ஆனது. ஆவுடையப்பனின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நவம்பர் 7, மாரிசெல்வி எழுதியது: 'எடை கூடியிருக்கு. பசி நல்லா எடுக்கு. நீர் குறைச்சு எடுக்கணும், டாக்டர் சொன்னது.'

நவம்பர் 24, திங்கள்

மாரிசெல்வியை வேலையில் வைத்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டார்களா என்று கேட்டேன். "ஸ்வீட் குடுத்தாவ" என்றாள்.

எனக்கு நிரந்தரம் இப்போது இல்லை, தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம். கடிதத்தைக் கொடுக்கும்போது ஜெயசிங் சார், "அந்த நாப்பத்தொண்ணாம் வரி... அன்னிக்கு நீ எழுதுனது அழியாம இருந்திருந்தா என் பேருல்லா அடிபட்டிருக்கும்" என்றார். கோபமா, வேறேதாவதா, தெரியவில்லை. பிறகு, "இடது பக்கம் எப்படி இருக்கணும்னு நீயே வரைஞ்சு கொண்டா" என்றார்.

அம்மாவிடம் ஆறு மாதத்தைச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

டிசம்பர் 3, புதன்

அப்டேட் இன்று காலை போனது. இடது ஓரத்தில் இப்போது இரண்டு பகுதி. மேலே 'இந்தக் கம்ப்யூட்டருக்குள்' என்று ஒரு தலைப்பு, அதன்கீழ் பெரிய டிஸ்க், கம்ப்யூட்டர்ப் பெட்டியின் படத்தோடு. அம்புக்குறி கிடையாது. கீழே 'செருகியவை'. அங்கே மட்டும் அம்புக்குறி. பெரிய டிஸ்க் இல்லாவிட்டால் புரோகிராம் திறக்காது, நின்று சொல்லும்.

இரண்டு மணிக்கு ஞானசுந்தரி அக்காவிடமிருந்து போன். 22-ஆம் தேதிக்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறார்.

"பிள்ள, எல்லாம் மாறிக் கெடக்கே. இப்பம் ஒரு அம்புதான் இருக்கு. டாக்டரு நிக்காரு. இத அமுக்கலாமா?"

அதை வரைந்தவளே நான்தான். நேற்று வரை இருபது முறை அமுக்கியிருக்கிறேன். அமுக்குங்கக்கா என்பது வாய்வரை வந்துவிட்டது.

"வச்சிராதீயக்கா," என்றேன். "நான் இங்க ஒருவாட்டி அமுக்கிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

மேசை இழுப்பறையில் பென்டிரைவைத் தேடி எடுத்துச் செருகினேன். அக்கா போனை வைக்காமல் காத்திருந்தார். டாக்டரிடம், "நில்லுங்க சார், பிள்ள பாத்துக்கிட்டு இருக்கு" என்று அவர் சொல்வது கேட்டது.